பாக்கெட்டைத் திட்டுங்கள், ஆட்டத்தை விடுங்கள்

சீட்டைத் தொட்ட கை உருப்படாது என்பது நம் வீடுகளில் யாரும் எதிர்த்துப் பேசாத வசனம். கோவிலம்பாக்கத்தில் அதற்கு இப்போது மறுபிறவி. ஈச்சங்காடு சிக்னலிலிருந்து மேடவாக்கம் போகிற வழியில், மெட்ரோ வேலைக்காக அடித்த தகரத் தடுப்புகளுக்குப் பின்னால் மறைந்து கிடக்கும் ஃபேன்சி ஸ்டோர்களில் போகிமான் என்ற கற்பனை உயிரினங்களின் படம் போட்ட கார்டு சரம்சரமாகத் தொங்குகிறது. பத்து ரூபாய் பாக்கெட் உண்டு, தங்க நிறத்தில் மினுங்கும் பிளாஸ்டிக் கார்டு உண்டு, டப்பாவில் அடைத்த செட்டும் உண்டு. பள்ளி வேனுக்குக் காத்திருக்கும் இடத்திலேயே பிள்ளைகள் பாக்கெட்டைக் கிழிக்கிறார்கள், வந்ததைப் பார்த்துக் கத்துகிறார்கள், வராததற்கு முகம் தொங்கிப்போகிறார்கள். அடுக்குமாடி வாட்ஸ்அப் குழுக்களில் தீர்ப்பு உடனே வந்துவிடுகிறது. இது சூதாட்டத்தின் எல்.கே.ஜி.; இன்றைக்குக் கார்டு, நாளைக்கு ரம்மி; பள்ளியில் தடை போடச் சொல்லுங்கள்.

இந்தத் தீர்ப்பு தவறு. பாக்கெட் விற்கிறவர்களுக்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை, அவர்களுக்கும் பின்னால் பங்கு வைத்திருக்கிறேன். நம் பெரியவர்கள் இரண்டு வெவ்வேறு சமாசாரங்களை ஒரே மூட்டையாகக் கட்டுகிறார்கள். ஒன்று, விதிப்படி எதிரெதிரே உட்கார்ந்து ஆடும் ஆட்டம். இன்னொன்று, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் காசு கொடுத்து வாங்கும் மூடிய பாக்கெட். மூட்டையைத் தூக்கி எறியும்போது ஆட்டம்தான் போகிறது, பாக்கெட் எப்படியோ பையன் கைக்கு வந்துசேர்ந்துவிடுகிறது. கோவிலம்பாக்கத்தில் இன்று நடப்பது இதுதான். கார்டு வைத்திருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு அதை வைத்து ஆடத் தெரியாது. யாரும் சொல்லித் தரவில்லை. கிழிப்பது ஒன்றுதான் அவர்கள் அறிந்த விளையாட்டு.

பெரியவர்களின் பயம் காரணமில்லாததல்ல. 2003 ஜனவரியில் லாட்டரியை ஒழித்த மாநிலம் இது. ஆன்லைன் ரம்மியில் கடன்பட்டு உயிரை மாய்த்துக்கொண்டவர்களின் செய்திகள் அடுத்தடுத்து வந்த பிறகுதான் 2022இல் சட்டமன்றம் தடை மசோதாவை நிறைவேற்றியது. ஆளுநர் திருப்பி அனுப்பியதால் 2023 மார்ச்சில் மறுபடியும் நிறைவேற்றியது, ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்தது. திருக்குறளில் சூதுக்கென்றே ஓர் அதிகாரம் இருக்கிறது. தருமன் கதை தெரியாத வீடு இல்லை. இத்தனை வலியும் நினைவும் உள்ள ஊரில் கையில் கார்டோடு நிற்கும் பையனைக் கண்டால் வயிறு கலங்கத்தான் செய்யும்.

ஆனால் நம் நாட்டின் நீதிமன்றங்கள் சீட்டு என்றதும் மூக்கைப் பிடித்துக்கொள்ளவில்லை. 1968இல் சத்தியநாராயணா வழக்கில் உச்ச நீதிமன்றம் ரம்மியை எடுத்துப் பார்த்தது. மூன்று சீட்டைப்போல முழுக்க அதிர்ஷ்டத்தில் ஓடுவதில்லை, விழுந்த சீட்டை நினைவில் வைப்பதும் எதைப் பிடித்துக்கொள்வது எதைக் கழிப்பது என்று தீர்மானிப்பதும் திறமை என்றது. 1996இல் நம் கிண்டி குதிரைப் பந்தயத்தையே திறமை ஆட்டம் என்று தீர்ப்பளித்தது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ஆன்லைன் சட்டத்தைப் பெரும்பாலும் ஏற்றுக்கொண்டபோதும், ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டப் பட்டியலில் வைக்க முடியாது என்றது. இந்தத் தீர்ப்புகளை எல்லாம் நான் கொண்டாடவில்லை. பணம் கட்டி ஆடும் ரம்மி திறமை ஆட்டமாகவே இருந்தாலும் குடும்பத்தைக் கெடுக்கத்தான் செய்கிறது. 2025 ஆகஸ்டில் ஒன்றிய அரசு திறமையா அதிர்ஷ்டமா என்று பார்க்காமல், பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்கள் எல்லாவற்றுக்கும் தடை கொண்டுவந்தபோது அதன் கண் சரியான இடத்தில் இருந்தது. கேடு பந்தயப் பணத்தில் இருக்கிறது. காகிதத்துக்கு என்ன பாவம் தெரியும்?

போகிமான் ஆட்டத்தில் தோற்றவன் தன் கார்டைப் பறிகொடுப்பதில்லை. இந்த வகை ஆட்டங்களுக்கெல்லாம் மூத்தது 1993இல் வந்த 'மேஜிக்: தி கேதரிங்'. அதைப் படைத்த ரிச்சர்ட் கார்ஃபீல்ட் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். அதன் முதல் விதிகளில், ஆளுக்கு ஒரு கார்டைப் பணயம் வைத்து, வென்றவர் எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு இருந்தது. ஆடியவர்களுக்கே பிடிக்காமல் சில ஆண்டுகளில் அது கைவிடப்பட்டது. இங்கே நம் ஆட்களுக்கு ஒரு கேள்வி. கோலியில் தோற்றால் கோலி யாருக்குப் போகும்? வில்ஸ், கத்திரி, சார்மினார் என்று சிகரெட் அட்டைக்கு மதிப்புப் போட்டு, அதைப் பணயமாக வைத்துக் கல்லெறிந்து ஆடிய தலைமுறைதான் இன்று கார்டைச் சூது என்கிறது. தாங்கள் ஆடிய அசல் பணய ஆட்டத்துக்கு மட்டும் 'மண்ணின் விளையாட்டு' என்று பெயர் சூட்டி, பொங்கல் விழாவில் மேடையேற்றுகிறது.

சரி, ஆட்டம்தான் என்ன? ஒருவர் ஆடக் கொண்டுவரும் கட்டுக்கு டெக் என்று பெயர், அதில் 60 கார்டு. கூடவும் கூடாது, குறையவும் கூடாது. அடிப்படை எனர்ஜி கார்டு தவிர, ஒரே பெயருள்ள கார்டு நான்குக்கு மேல் வைக்க முடியாது. குலுக்கி ஏழு எடுக்க வேண்டும். அதில் ஓர் அடிப்படைப் போகிமானாவது இருக்க வேண்டும். பிறகு ஆறு கார்டைப் பரிசுக் கார்டாகக் கவிழ்த்து ஒதுக்க வேண்டும். எதிராளியின் போகிமானை வீழ்த்த வீழ்த்த அந்த ஆறிலிருந்து எடுக்கலாம், ஆறையும் முதலில் எடுத்தவருக்கு வெற்றி. தன் முறை தொடங்கும்போது எடுப்பதற்கு டெக்கில் கார்டே இல்லை என்றாலும் தோல்விதான்.

எளிமையாகத் தெரிகிறதா? டெக் கட்ட உட்கார்ந்து பாருங்கள். நான்கு பிரதி வைத்த ஒரு கார்டு முதல் ஏழில் ஒன்றாவது வருவதற்கு வாய்ப்பு 40 சதவீதம்தான். ஒரே ஒரு பிரதி வைத்தால், அது கவிழ்த்த ஆறில் மாட்டிக்கொள்ளப் பத்தில் ஒரு வாய்ப்பு. அடிப்படைப் போகிமான் எட்டு மட்டும் வைத்தால், ஏறக்குறைய மூன்று ஆட்டத்துக்கு ஒன்றில் முதல் கை செல்லாது. பன்னிரண்டு வைத்தால் ஐந்துக்கு ஒன்று. செல்லாத கையை எதிராளியிடம் விரித்துக் காட்டிவிட்டுத்தான் மறுபடி குலுக்க முடியும், அதற்கு ஈடாக அவர் ஒரு கார்டு கூடுதலாக எடுத்துக்கொள்ளலாம். அதற்காக அடிப்படைப் போகிமானை அள்ளிப்போட்டால் மற்ற கார்டுக்கு இடமில்லாமல் போகும். தேர்ந்த ஆட்டக்காரர் முதல்முறை டெக்கைத் தேடும் வாய்ப்பு கிடைத்ததும் என்ன செய்வார் தெரியுமா? தேடியது கிடைத்தாலும் நிறுத்தமாட்டார். டெக்கில் எது இல்லை என்று கணக்கெடுத்து, கவிழ்ந்து கிடக்கும் ஆறு கார்டு எவை என்று மனதுக்குள் குறித்துக்கொள்வார். அதிர்ஷ்டம் ஆட்டத்தில் இருக்கிறது. அதைக் கட்டுக்குள் கொண்டுவருவதுதான் ஆட்டமே.

"செஸ்ஸில் அதிர்ஷ்டமே இல்லையே" என்பார்கள். உண்மைதான். பிரிட்ஜ் என்ற சீட்டாட்டத்தில் உண்டு. யாருக்கு எந்தச் சீட்டு விழும் என்பது குலுக்கலில்தான் இருக்கிறது. 2018இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில் அந்த பிரிட்ஜில் நம் நாட்டின் பிரணப் பர்தன், ஷிப்நாத் சர்க்கார் இணை தங்கம் வென்றது. பர்தனுக்கு அப்போது 60 வயது. சீட்டாடி உருப்படாமல் போனவர்கள் என்று அவர்களை யாராவது சொன்னார்களா? தேசியக் கொடியை ஏற்றி, கீதம் இசைத்தோம்.

அதைவிட எனக்குப் பிடித்த கதை சிலி நாட்டுப் பையன் ஒருவனுடையது. 2024 ஆகஸ்டில் ஹொனலூலுவில் போகிமான் உலகப் போட்டி. அதன் மாஸ்டர்ஸ் பிரிவில், கார்டு ஆட்டத்தில் வென்றவர் ஃபெர்னாண்டோ சிஃபுவென்டஸ் என்ற 18 வயதுப் பையன். அவர் எடுத்துப்போன டெக் அயர்ன் தார்ன்ஸ் என்ற போகிமானைச் சுற்றிக் கட்டியது. அது முன்னால் நிற்கும்வரை எதிராளியின் பெரிய பெரிய போகிமான்களின் சிறப்புத் திறன் எதுவும் வேலை செய்யாது. மற்றவர்கள் பலசாலிகளைச் சேர்த்துக்கொண்டு வந்தார்கள். இவர் அந்தப் பலத்தையே ஊமையாக்கினார். நாக் அவுட் சுற்றில் இவரைத் தோற்கடித்த ஒருவர், வெற்றிக் களிப்பில் கேமரா முன் செய்த ஆபாசச் சைகைக்காகத் தகுதிநீக்கம் செய்யப்பட்டார். இவர் மேலே போனார். ஒழுங்கில்லாத இடத்தில் இப்படி நடக்குமா? நாடு திரும்பிய பையனை அதிபர் கேப்ரியல் போரிக் தன் மாளிகைக்கே அழைத்துப் பாராட்டினார். அதே ஆண்டு டிசம்பரில் சிங்கப்பூரில் நம் குகேஷ், அவருக்கும் வயது 18தான், உலக செஸ் சாம்பியன் ஆனார். தமிழக அரசு 5 கோடி ரூபாய் அறிவித்தது, தகும். ஆனால் குகேஷுக்குப் பதில் ஒரு கோவிலம்பாக்கத்துப் பையன் ஹொனலூலுவிலிருந்து போகிமான் கோப்பையோடு வந்து இறங்கியிருந்தால் விமான நிலையத்தில் யார் நின்றிருப்பார்கள்? அவனுடைய ட்யூஷன் மாஸ்டரிடம் அம்மா மன்னிப்புக் கேட்டிருப்பார்.

அடுத்த குற்றச்சாட்டு காசு. பணம் கொட்டுகிறவன்தானே ஜெயிப்பான் என்கிறார்கள். பாதி உண்மை என்பதால் இதற்குப் பொறுமையாகவே பதில் சொல்ல வேண்டும். ஒரு நல்ல டெக்குக்குச் செலவு உண்டு, சில ஆண்டுகளில் பழைய கார்டுகளைப் போட்டியில் சேர்க்க முடியாமலும் போகும். ஆனால் கார்டு உலகத்தில் ஒரு விநோதம் இருக்கிறது, வெளியே இருப்பவர்களுக்கு அது தெரிவதில்லை. ஒரே கார்டைச் சாதாரணமாகவும் அச்சிடுகிறார்கள், தங்க ஓரம் வைத்தும் அச்சிடுகிறார்கள், கார்டு முழுக்க ஓவியம் வைத்தும் அச்சிடுகிறார்கள். விலையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். மேசையில் வைத்தால் எல்லாம் ஒன்றுதான், ஒரு புள்ளி கூடுதல் அடி கிடையாது. ஜெயிக்க நினைப்பவர்கள் மலிவான பிரதியைத்தான் தனிக் கார்டாக வாங்குகிறார்கள். பத்துக் கார்டு பாக்கெட்டுகளை வரிசையாகக் கிழித்து டெக் கட்டுபவரைவிடச் செலவு பல மடங்கு குறைவு. ஆட்டத்தைக் கற்றவனுக்குப் பாக்கெட் தேவையில்லை. இதைச் சொல்லித்தர ஆளில்லாத ஊரில்தான் பையன் பாக்கெட்டுக்கு மேல் பாக்கெட் கிழிக்கிறான், அதுவும் பெரும்பாலும் போலி. எழுத்துரு கோணல், எண்களில் பைத்தியக்காரத்தனம், விளக்குக்கு முன் பிடித்தால் ஒளி தாராளமாக ஊடுருவும் மெல்லிய அட்டை. ஆடத் தெரிந்த பிள்ளை ஒரு நொடியில் போலியைப் பிடித்துவிடும். கார்டில் எழுதியிருப்பதைப் படிக்கிற பழக்கம் அதற்குத்தானே இருக்கிறது.

நம் ஊருக்குக் கார்டு மோகம் புதிதும் அல்ல. எண்பதுகளின் கடைசியில் பிக் ஃபன் பபிள்கம் உறைக்குள் கிரிக்கெட் வீரர் படமும் ரன்னும் வந்தன. ரன்னைக் கூட்டிச் சேர்த்துப் பரிசுப் புத்தகம் வாங்கப் பிள்ளைகள் மென்று துப்பினார்கள். தொண்ணூறுகளில் டபிள்யூடபிள்யூஎஃப் ட்ரம்ப் கார்டு. உயரம் என்றால் ஜெயன்ட் கோன்சாலஸ், எடை என்றால் யோகோசுனா. எந்தக் கார்டில் எந்த எண்ணைக் கூப்பிட வேண்டும், எதிராளி கையில் இன்னும் யார் மிச்சம் என்று முப்பது முப்பத்தைந்து கார்டை மனப்பாடமாக வைத்திருந்த பையன்கள்தான் இப்போது தரமணியிலும் சோழிங்கநல்லூரிலும் ஐடி கம்பெனிகளில் இருக்கிறார்கள், சாயங்காலம் வந்து வாட்ஸ்அப் குழுவில் தடை கேட்கிறார்கள். அந்த ட்ரம்ப் கார்டு கட்டாகத்தான் கிடைத்தது என்பதைக் கவனியுங்கள். வாங்கும்போதே உள்ளே யார் யார் என்று தெரியும். ஆடுவதற்காக வாங்கினோம், கிழிப்பதற்காக வாங்கவில்லை.

இப்போது பாக்கெட்டுக்கு வருவோம். இதில் வாட்ஸ்அப் குழுவோடு நான் ஒரே கட்சி. உள்ளே இருப்பது தெரியாமல், அரிய கார்டு வருமென்ற ஆசையைக் காட்டி, பத்து வயதுப் பிள்ளையிடம் விற்பது குலுக்கல் சீட்டுக்கு ஒன்றுவிட்ட தம்பிதான். வேறு நாடுகள் இந்த வியாபாரத்தின் மின்னணு வடிவங்களைக் கேள்வி கேட்டிருக்கின்றன. கைபேசி விளையாட்டுகளில் குறிப்பிட்ட பொருள்கள் முழுவதையும் குலுக்கலில் சேர்த்தால்தான் பெரிய பரிசு என்ற ஏற்பாட்டை ஜப்பான் 2012இல் நிறுத்தியது. காசு கொடுத்துத் திறக்கும் மர்மப் பெட்டிகளை பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம் 2018இல் சூதாட்டம் என்றே அறிவித்தது. 2024 அக்டோபரில் வந்த போகிமான் பாக்கெட் செயலியில், எந்தக் கார்டு வர எத்தனை சதவீத வாய்ப்பு என்று பாக்கெட்டைத் திறப்பதற்கு முன்பே பார்க்கலாம். கடையில் காசு கொடுத்து வாங்கும் காகிதப் பாக்கெட்டின் உறையில் அந்தச் சதவீதம் இல்லை. பெற்றோர் கோபப்பட வேண்டிய இடம் இது. உறையில் வாய்ப்பை அச்சிடு என்று கேட்க வேண்டும். போலிக் கார்டு விற்கும் கடைக்காரரிடம் கேள்வி கேட்க வேண்டும். அதையெல்லாம் விட்டுவிட்டுப் பையன் பையைச் சோதனை போடுவது சுலபமான வீரம்.

தடை கேட்பவர்களுக்கு நேர் எதிரே இன்னொரு கூட்டம் கிளம்பியிருக்கிறது. "விளையாடாதே, கவரில் போட்டுப் பத்திரமா வை, நாளைக்கு லட்சக்கணக்கில் போகும்" என்று பிள்ளைக்குச் சொல்லும் அப்பாக்கள். இவர்களைக் கண்டால் எனக்குத் தடைக்காரர்களே தேவலை என்று தோன்றுகிறது. லோகன் பால் என்ற அமெரிக்க யூடியூபர் 52 லட்சத்து 75 ஆயிரம் டாலர் மதிப்பில் ஒரு பிகாச்சு கார்டை வாங்கினார் என்ற செய்திதான் இவர்களுடைய வேதம். அந்தக் கார்டு தொண்ணூறுகளின் இறுதியில் ஜப்பானியச் சிறுவர் பத்திரிகையின் ஓவியப் போட்டியில் வென்றவர்களுக்குத் தந்த பரிசு, கடையில் விற்றதே இல்லை. அதே மனிதர் இன்னொரு முறை 35 லட்சம் டாலர் கொடுத்து, பிரிக்காத பழைய போகிமான் பெட்டி ஒன்றை வாங்கினார். 2022 ஜனவரியில் அதைப் பிரித்தபோது உள்ளே இருந்தவை ஜி.ஐ.ஜோ என்ற வேறொரு தொடரின் கார்டுகள். பிரிக்காமல் வைத்திருந்தவரை அது சொத்து, பிரித்ததும் குப்பை. தடை கேட்பவருக்கும் லட்சம் கனவு காண்பவருக்கும் கார்டில் தெரிவது ரூபாய் மட்டும்தான். ஒருவர் நஷ்டத்தைப் பார்க்கிறார், மற்றவர் லாபத்தை. நடுவில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு அதில் ஒரு டிராகன் தெரிகிறது.

இந்த முதலீட்டுக்காரர்களைச் சேகரிப்பாளர்கள் என்று அழைப்பதும் சரியில்லை. சேகரிப்பாளர் எப்படியிருப்பார் என்று பார்க்கத் தரமணிக்குப் போங்கள், கோவிலம்பாக்கத்திலிருந்து அதிக தூரமில்லை. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் விளம்பரப் பலகை எழுதும் தொழில் செய்தவர். தமிழில் அச்சானது எதுவானாலும் சேர்த்தார். புத்தகத்தோடு நிற்கவில்லை, பத்திரிகை, நோட்டீஸ், அழைப்பிதழ் என்று மற்றவர்கள் தூக்கிப் போடுவதையும் சேர்த்தார். எதற்கு இந்தக் குப்பை என்று அவர் காதில் விழாத நாள் இருந்திருக்குமா? அவர் மறைந்த பிறகு, 1994இல் அந்தச் சேகரிப்பிலிருந்து பிறந்ததுதான் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். ஒவ்வொரு துண்டுக் காகிதத்துக்கும் வரிசை, வகை, இடம் என்று ஒன்று உண்டு என நம்பியவர் அவர். கார்டு ஆல்பத்தில் பக்கம் பக்கமாக எண் வரிசைப்படி அடுக்கி, விடுபட்ட ஒரு கார்டுக்கு வெற்றுச் சதுரம் விட்டு, அதை நண்பனிடம் மாற்றி வாங்க ஒரு மாதமாகப் பேச்சுவார்த்தை நடத்தும் ஆறாம் வகுப்புப் பிள்ளை அந்தச் சாதி. அந்தப் பேச்சுவார்த்தையில் பெரிய பையன்கள் சின்னப் பிள்ளைகளை ஏமாற்றுவது நடக்கிறது, மறுக்கவில்லை. ஏமாறாமல் இருக்கக் கற்பிக்க வேண்டியது பெரியவர்கள் வேலை. போகிமான் போட்டிகளில் ஜூனியர், சீனியர், மாஸ்டர்ஸ் என்று வயதுவாரியாகப் பிரித்திருப்பதும் சின்னவர்கள் பெரியவர்களிடம் மாட்டக் கூடாது என்றுதான்.

இந்த இடத்தில் என் பக்கத்து ஆட்களே ஒரு வாதத்தை நீட்டுவார்கள். கார்டு ஆடினால் கணக்கு வளரும், ஆங்கிலம் வளரும், ஞாபகசக்தி கூடும் என்று சொல்லுங்கள், பெற்றோர் மயங்குவார்கள் என்பார்கள். சொல்லமாட்டேன். அபாகஸ், வேத கணிதம், ரோபாட்டிக்ஸ் என்று ஏற்கெனவே பிள்ளையின் சாயங்காலத்தை ஏலம்விட்டிருக்கிறோம். கார்டையும் அந்தப் பலகையில் எழுத எனக்கு மனமில்லை. மார்க் வாங்கித் தராத ஒன்றைச் செய்யவும் ஒரு பிள்ளைக்கு உரிமை உண்டு. ஏரிக்கரையெல்லாம் வீடாகி, காலி மனையெல்லாம் கார் நிறுத்தமாகிவிட்ட புறநகரில் கிரிக்கெட் ஆட இடம் இல்லை. மழைக்காலத்தில் தெருவே இல்லை. கார்டு ஆட ஒரு மேசையும் எதிரில் ஒரு மனிதரும் போதும். அந்த மனிதர் முகத்தைப் பார்த்துத்தான் ஆட வேண்டும், தோற்றால் கைகுலுக்கிவிட்டு எழுந்திருக்க வேண்டும். பிள்ளை எப்போதும் கைபேசியே கதி என்று புலம்பும் அதே பெற்றோர், கைபேசியைக் கீழே வைக்கவைக்கும் ஆட்டத்தைத் தடுக்கப் பார்க்கிறார்கள்.

ஆகவே கோவிலம்பாக்கத்து அடுக்குமாடிச் சங்கங்களுக்கு என் வேண்டுகோள். தடைத் தீர்மானம் போடுவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளப் ஹவுஸ் சாவியைப் பிள்ளைகளிடம் கொடுங்கள், நான்கு மேசை போடுங்கள். மூடிய பாக்கெட் வேண்டாம், உள்ளே என்ன இருக்கிறது என்று முன்கூட்டியே தெரிந்த 60 கார்டு டெக் விற்கிறார்கள், அதில் இரண்டு வாங்குங்கள். விதிப்புத்தகம் அந்த நிறுவனத்தின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. இதைச் சூதாட்டம் என்று குழுவில் எழுதிய அப்பா அதைப் படித்துவிட்டு வந்து, தன் பிள்ளைக்கு எதிரே உட்கார்ந்து மூன்று ஆட்டம் ஆடட்டும். அதற்குப் பிறகும் தடை வேண்டும் என்று அவர் சொன்னால், பேசத் தகுதி பெற்ற ஒருவர் சொல்கிறார் என்று கேட்டுக்கொள்கிறேன்.